பார்த்துவிட்டு வந்ததும், பார்த்துக்கொண்டதும்

கடலூரை அடுத்த ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நான் 27 ஆண்டுகள் வேலை செய்தேன். ஒவ்வொரு ஷிப்ட் முடியும்போதும் அந்த எட்டு மணி நேரத்தில் நடந்தவற்றை லாக் புக்கில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே வெளியேற வேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் புத்தகத்தில் எங்கள் கைகள் மிகுதியாக எழுதிய ஆங்கில வினைச்சொல் எது என்று கேட்டால், சற்றும் யோசிக்காமல் 'அட்டெண்டட்' என்று சொல்வேன். மோட்டார் சூடாகிறது, அட்டெண்டட். வால்வு கசிகிறது, அட்டெண்டட். விளக்கு எரியவில்லை, அட்டெண்டட். எல்லாக் குறைகளையும் மூடிவைக்க எங்களுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அந்தச் சொல்லால் ஒருவருடைய கை வெந்தது. அதை எழுதியவன் நான்.

1997ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு ஷிப்டில் இருந்தேன். தோலைப் பொசுக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலை ஏற்றும் மூன்றாம் எண் பம்பில், ஒழுகாமல் தடுக்கும் அடைப்பான சீலில் கசிவு இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். சீல் தேய்ந்திருந்தது. பம்பை நிறுத்தி, கரைசல் உள்ளே வரும் வால்வை மூடினேன். ஸ்டோரில் மாற்றுச் சீல் இல்லை என்று தெரிந்ததும், காலையில் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணிக்கொண்டு, லாக் புக்கில் 'மூன்றாம் எண் பம்பில் கசிவு, அட்டெண்டட்' என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். திறக்கக் கூடாது என்று எச்சரிக்க வால்வில் கட்ட வேண்டிய சிவப்பு அட்டையையும் கட்டவில்லை. காலை ஷிப்டில் வந்தவர் அந்த வரியைப் படித்தார், கசிவு சரிசெய்யப்பட்டுவிட்டது என்று புரிந்துகொண்டார், வால்வைத் திறந்து பம்பை ஓட்டினார். பக்கத்தில் நின்ற உதவியாளரின் முன்கையில் கரைசல் பீய்ச்சி அடித்தது. உடனே அவரைச் சேஃப்டி ஷவரின் அடியில் நிறுத்திப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தண்ணீர் விட்டதால் காயம் ஆழமாகப் போகவில்லை. ஆனாலும் தழும்பு நிலைத்துவிட்டது. பின்னாளில் அவர் எனக்கு நல்ல நண்பரானார். அவர் தேநீர் நீட்டும்போதெல்லாம் அந்தத் தழும்பு என் கண்ணில் படும்.

விசாரணையில் எங்கள் மூத்த பொறியாளர் என்னைத் திட்டவில்லை. லாக் புக்கை என் பக்கம் திருப்பிவைத்து, "அட்டெண்ட் பண்ணேன்னு எழுதியிருக்கீங்க. சரி பண்ணீங்களா, பார்த்துட்டு வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். "பார்த்துட்டு வந்தேன், சார்" என்றேன். "அப்ப அதைத்தானே எழுதணும்?" என்றார். அன்று வீட்டுக்குப் போனதும் பள்ளிக்காலத்து அகராதியைத் தேடி எடுத்தேன். அதன் பின்னும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

அகராதி எனக்குக் காட்டிய முதல் செய்தி, நான் ஒன்று என நினைத்திருந்தது ஒன்றல்ல என்பது. ஓர் இடத்துக்கோ நிகழ்ச்சிக்கோ சென்று அங்கே இருப்பதையும், ஒருவரையோ ஒரு வேலையையோ கவனித்துக்கொள்வதையும், மனம் ஊன்றிக் கேட்பதையும், ஒருவருக்குப் பணிவிடை செய்வதையும், ஒன்று நிகழும்போது மற்றொன்று அதனுடன் சேர்ந்து வருவதையும் ஆங்கிலம் இந்த ஒரே வினையால் குறிக்கிறது. இவை அனைத்துக்கும் பொதுவான அடி எது என்று தேடினால் இலத்தீன் மொழிக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே 'அத்' என்பது 'நோக்கி' என்ற பொருளைத் தரும் முன்னொட்டு. 'தெந்தெரே' என்பது 'நீட்டு', 'இழுத்துக் கட்டு' என்ற பொருளுடைய வினை. இரண்டும் சேர்ந்த 'அத்தெந்தெரே' என்பது ஒன்றை நோக்கித் தன்னை நீட்டுவதைக் குறித்தது. முதலில் மனத்தை நீட்டுவது, பிறகுதான் உடலைக் கொண்டுபோய் நிறுத்துவது. ஆங்கிலத்திலும் அந்த வரிசையே நடந்தது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக நுழைந்தன. 14ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் மனத்தைச் செலுத்துவது என்ற பொருளில் வழங்கியது. ஒரு கூட்டத்துக்குச் சென்று இருப்பது என்னும் இன்றைய பொருள் 17ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான் ஏறியது. வேரைத் தெரிந்துகொண்டபோது, நான் எழுதிய வரியில் எது இல்லாமல் போயிற்று என்பது விளங்கியது. உடல் பம்பு வரை போனது. மனம் காலை ஷிப்டில் நிற்கப்போகிற மனிதர் வரை நீளவில்லை.

நம் மொழிக்கும் இந்த உருவகம் அயலானதன்று. 'செவி சாய்த்தான்', 'காது கொடுத்தான்' என்று நாமும் உறுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்தும் நீட்டியும்தான் கவனத்தைச் சொல்கிறோம். வீணையில் இழுத்துக் கட்டிய கம்பிக்குப் பெயரான 'தந்தி' வடமொழியின் 'தன்' என்ற வேரிலிருந்து வந்தது. அந்த வேருக்கும் பொருள் நீட்டுதலே. அதையும் இலத்தீன் 'தெந்தெரே'யையும் மொழியியலாளர்கள் ஒரே குடும்பத்தில் வைக்கிறார்கள். ஒப்பந்தக்காரர்கள் வாயில் நாள்தோறும் புழங்கும் 'டெண்டர்' கூட, கையை நீட்டிக் கொடுப்பது என்ற பொருளில் அதே வேரிலிருந்து கிளைத்ததுதான்.

இந்தச் சொல்லின் மறுபாதியைச் சிறுவயதிலேயே புதுச்சேரியில் கேட்டிருக்கிறேன் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது. என் ஆயாவின் தம்பி பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து, சைகோனிலிருந்து திரும்பி, ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர். படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் புதுச்சேரித் தமிழில் 'சொல்தா' என்று வழங்குவதால், எங்களுக்கு அவர் சொல்தா தாத்தா. மே மாத விடுமுறையில் கடலூரிலிருந்து பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போவோம். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நாங்கள் பரபரக்கும்போது, அவர் கையை உயர்த்தி "அத்தான், அத்தான்" என்பார். அத்தான் என்று கூப்பிட அங்கே யாரும் இல்லையே என்று நான் திகைத்து ஆயாவைக் கேட்டேன். "'இரு, இரு'ன்னு சொல்றாருடா, அது பிரெஞ்சு" என்றார் ஆயா. இலத்தீன் 'அத்தெந்தெரே' பிரெஞ்சில் 'அத்தாந்த்ர்' என்று ஆகி, காத்திருத்தலைக் குறிக்கிறது. 'இரு' என்று ஒருமையில் ஏவும்போது அது நம் காதுக்கு 'அத்தான்' என்றே ஒலிக்கிறது. ஆங்கிலேயர் 1690இல் புனித டேவிட் கோட்டையை வாங்கிய கடலூரில் அந்தச் சொல் 'போய்க் கவனி' என்று பொருள்பட்டது. அங்கிருந்து 25 கிலோமீட்டர்கூட இல்லாத, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், ஒரே வேரிலிருந்து வந்த அந்தச் சொல் 'இரு' என்று பொருள்பட்டது.

கவனம் எப்படிக் காத்திருப்பாக மாறும் என்று கேட்கலாம். வரப்போகிற ஒன்றின் மீது மனத்தை நீட்டிவைத்திருப்பவர் அதற்காகக் காத்திருக்கிறார் அல்லவா? தமிழிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. 'அவதானம்' என்பது வடமொழியில் மனத்தை ஓரிடத்தில் வைப்பது. ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் மனத்தை வைத்துக் காட்டியதால்தான் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானி எனப்பட்டார். அந்த அவதானத்தோடு கூடியது 'சாவதானம்'. வட இந்தியாவில் அதே சொல் இன்றும் 'எச்சரிக்கை' என்று அறிவிப்புப் பலகைகளில் நிற்கிறது. நாமோ 'சாவதானமாக வந்தான்' என்றால் அவசரமின்றி, ஆற அமர வந்தான் என்று புரிந்துகொள்கிறோம். கவனத்தைக் குறித்த சொல் நம்மிடம் நிதானத்தின் பக்கம் நகர்ந்தது போலவே, பிரெஞ்சுக்காரர்களிடம் காத்திருப்பின் பக்கம் நகர்ந்தது. இன்னொரு சான்றும் உண்டு. காவல் செய்வதைக் குறிக்கும் 'கா' என்ற வினையிலிருந்து நாம் 'காத்திரு' என்று ஆக்கிக்கொண்டோம். ஆங்கிலத்தின் 'வெயிட்' என்ற சொல்லும் முதலில் காவல் செய்வதையும் விழித்துப் பார்ப்பதையும் குறித்த பழைய வட பிரெஞ்சு வட்டாரச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஒருவர் மற்றவரிடமிருந்து கடன் வாங்காமலேயே இரண்டு மொழிகளும் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. இதைக் கண்ட அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போதும் என்னால் அடக்கிச் சொல்ல முடியவில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். இந்த வினையில் நம்மவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் அதன் பின்னால் வரும் 'டு' என்ற சிறு சொல்லில்தான். நிகழ்ச்சிக்குப் போய் இருந்ததைச் சொல்லும்போது அந்தச் சிறு சொல் வேண்டியதில்லை; ஒன்றைக் கவனித்துக்கொண்டதைச் சொல்லும்போது அது வேண்டும். இலக்கண விதியாகச் சொன்னால் நான் மறந்துவிடுவேன் என்பதால், எனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டேன். முதலில் அந்தச் செய்தியைத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். தமிழில் 'போயிருந்தேன்' என்று வந்தால் வெறும் 'அட்டெண்ட்'. தமிழில் 'பார்த்துக்கொண்டேன்' என்று வந்தால் 'அட்டெண்ட் டு'. 'கொள்' என்ற நம் துணைவினை செய்யும் வேலையைத்தான் அங்கே அந்த 'டு' செய்கிறது. திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரார் திருமணத்துக்கு வருகிறார்கள். அது வெறும் 'அட்டெண்ட்'. பெண் வீட்டார் வந்தவர்களைப் பந்தியில் கவனிக்கிறார்கள். அது 'அட்டெண்ட் டு'. "உங்கள் மகளின் திருமணத்தைக் கவனித்துக்கொள்ள வருகிறேன்" என்று பொருள்படும்படி, தேவையற்ற 'டு'வுடன் ஒரு வெளிநாட்டு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பிய இளைஞரை நான் அறிவேன். அந்த அதிகாரி, திருமண ஏற்பாடுகளுக்கு உதவத் தம்மிடமும் ஆட்கள் இருப்பதாகப் பதில் அனுப்பினார்.

'தமிழில் சொல்லிப் பார்' என்ற அதே முறை வேறு சில இடங்களில் நம்மை இழுத்தும் விடும். நாம் போனை அட்டெண்ட் செய்கிறோம், தேர்வை அட்டெண்ட் செய்கிறோம். இந்தியாவுக்குள் யாரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்ளப்போவதில்லை. வெளிநாட்டவருக்கு எழுதும்போது, அழைப்புக்குப் பதில் சொல்வதைக் குறிக்கும் 'ஆன்சர்' என்பதையும் தேர்வு எழுதுவதைக் குறிக்கும் 'டேக்' என்பதையும் பயன்படுத்துவது நல்லது. தேர்வை 'அட்டெண்ட்' செய்தேன் என்றால், தேர்வு அறைக்குப் போய் உட்கார்ந்ததை மட்டும் சொல்வதுபோல் அவர்களுக்குத் தோன்றக்கூடும். நேர்காணலுக்கும் வகுப்புக்கும் பள்ளிக்கும் 'அட்டெண்ட்' முற்றிலும் பொருந்தும். கூட்டத்தைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள்: 'அட்டெண்ட்' என்றால் அங்கே இருந்தீர்கள், அவ்வளவுதான், பேசினீர்கள், பங்களித்தீர்கள் என்று காட்ட வேண்டுமானால் 'பார்ட்டிசிபேட்' என்று எழுத வேண்டும். தன்விவரக் குறிப்பில் இந்த இரண்டையும் மாற்றி எழுதித் தம் உழைப்பைத் தாமே குறைத்துக்கொண்டவர்கள் பலர்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களோடு பழகுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சொல்தா தாத்தாவின் பேரன் பாரிசில் படித்து வளர்ந்தவன். ஒரு முறை ஊருக்கு வந்தபோது, ரயில் நிலைய வாசலில் காலை 9 மணிக்கு என்னை 'அட்டெண்ட்' செய்வதாக ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பினான். வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்து அழைத்துப் போவான் என்று புரிந்துகொண்ட நான், கடலூரில் வீட்டிலேயே இருந்தேன். அவன் புதுச்சேரி நிலைய வாசலில் வெயிலில் நின்று காத்திருந்தான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் ஆங்கிலத்தில் 'அட்டெண்ட்' என்றால் காத்திருப்பதையும், 'அசிஸ்ட்' என்றால் நிகழ்ச்சிக்கு வருவதையும், 'டிமாண்ட்' என்றால் வெறுமனே கேட்பதையும் சொல்லக்கூடும். இந்த மூன்றும் பிரெஞ்சில் அப்படித்தான் பொருள்படும். திருமணத்துக்கு 'அசிஸ்ட்' செய்கிறேன் என்று ஒருவர் எழுதினால் அவருக்கு வேலை எதுவும் ஒதுக்க வேண்டாம், இலை போட்டால் போதும்.

2014இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நம் மருத்துவமனைகளில் நோயாளியுடன் தங்கும் உறவினருக்கு 'அட்டெண்டர்' என்று பெயர். அலுவலகத்தில் கோப்பு எடுத்துக் கொடுப்பவரும் அட்டெண்டர்தான். இரண்டுமே இந்திய வழக்கு. வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது, உடனிருந்து கவனிப்பவரை 'அட்டெண்டண்ட்' என்றோ 'கேர்கிவர்' என்றோ எழுதினால்தான் புரியும். அட்டெண்டர் பாஸ் என் பெயரில் இருந்தது. "பதினாலாம் பெட் அட்டெண்டர்!" என்று செவிலியர் கூப்பிடும்போது நான்தான் எழுந்து ஓடுவேன், மருந்துச் சீட்டை வாங்குவேன், பிறகு தாழ்வாரத்தில் மீண்டும் உட்கார்ந்திருப்பேன். பதினோரு நாளும் அப்படித்தான் போயிற்று. உள்ளே அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டது அக்கா. உறவினர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் ஆரஞ்சுப் பையோடும் வந்தார்கள், கட்டிலின் ஓரம் நின்றார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. வந்து நிற்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, நான் பதினேழு ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்த ஒற்றை வரி ஒவ்வோர் இரவும் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் புறப்படும் நாளில் கொடுத்த படிவத்தில், உடனிருந்து கவனித்தவரின் பெயர் கேட்ட இடத்தில் அக்காவின் பெயரை எழுதினேன்.

பணியில் எனக்குக் கீழே இளைஞர்கள் வந்தபோது, லாக் புக்கில் 'அட்டெண்டட்' என்ற சொல்லையே எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். 'டு' சேர்த்து எழுதினால் இலக்கணம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். சரிதான், ஆனால் ஆபத்து கூடிவிடும். 'அட்டெண்டட் டு' என்று படிக்கும் ஆங்கிலேயர் வேலை முடிந்துவிட்டது என்றே பெரும்பாலும் கொள்வார். காலை ஷிப்டில் வந்தவர் என் வரியை அப்படிப் புரிந்துகொண்டதில் பிழை ஏதும் இல்லை. ஆகவே என்ன நடந்ததோ அந்த வினையையே எழுத வேண்டும்: பார்த்தேனா, நிறுத்தினேனா, வால்வை மூடினேனா, பாகத்தை மாற்றினேனா, ஓட்டிப் பார்த்தேனா. அதன் பின், எது இன்னும் பாக்கி, யாரிடம் சொல்லப்பட்டது என்ற இரண்டும் வர வேண்டும். ஆங்கிலம் கைவராதவர்கள் தமிழிலேயே எழுதலாம் என்று மேலாளரிடம் பேசி அனுமதி வாங்கினேன். அதன் பிறகு வரிகள் நீண்டன. ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்த ஐந்து நிமிடத்தை நான் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஓய்வு பெற்ற பின் இந்தச் சொல் ஒரு முறை மறுபடி என்னைத் தேடி வந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, வடலூரைப் பற்றிப் பள்ளிக்காக ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது என்பதற்கு எந்த வினையைப் போடுவது என்று கேட்டாள். அவள் முதலில் எழுதியிருந்தது 'அட்டெண்டட்'. அதன் தலையெழுத்தை உதிர்த்துவிடச் சொன்னேன். 'அட்டெண்ட்' என்பதன் முதலசை தேய்ந்து பிறந்த 'டெண்ட்' என்ற சொல்தான், நெருப்பையும் ஆட்டு மந்தையையும் தோட்டத்தையும் நோயாளியையும் விடாமல் பேணுவதற்கு ஆங்கிலத்தில் வழங்குகிறது. முடிந்துபோன இறந்த காலத்தில் எழுதாமல், அன்று தொடங்கி இன்றும் நடந்து வருவதைக் காட்டும் காலத்தில் எழுத வேண்டும் என்றும் சொன்னேன். அவளுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறி வடலூருக்குப் போனோம்.

அடுப்பின் முன்னால் ஒரு பெரியவர் குனிந்து நின்றிருந்தார். பேத்தி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "தாத்தா, ராத்திரியில யாரு பார்த்துக்குவாங்க?" என்று கேட்டாள். அவர் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் எங்கள் பக்கம் உயர்த்தி, "கொஞ்சம் இரும்மா" என்றார். நீளமான விறகொன்றை உள்ளே தள்ளி, அது பற்றிக்கொள்ளும் வரை பார்த்து நின்றுவிட்டு, அதன் பிறகே எங்களிடம் வந்தார்.